இருட்டு மட்டும் போதாது

திகில் கதை எழுத உட்காருகிறவர் பெரும்பாலும் முதலில் இருட்டைத்தான் தேடிப் போகிறார். அமாவாசை, ஊருக்கு வெளியே பாழடைந்த பங்களா, எண்ணெய் காணாத கதவு, எங்கோ ஊளையிடும் நாய், சுடுகாட்டை ஒட்டிய புளியமரம் என்று சரக்கைச் சேர்த்துவிட்டால் பாதிக் கதை முடிந்ததாக ஒரு நம்பிக்கை. இந்தச் சரக்கில் தவறு எதுவும் இல்லை. நல்ல எழுத்தாளர்களும் இவற்றை எடுத்தாண்டிருக்கிறார்கள். ஆனால் இவை மட்டுமே இருக்கும் கதையைப் படிப்பவர் பயப்படுவதில்லை. 'இது பேய்க்கதை' என்று தெரிந்துகொள்கிறார், அவ்வளவுதான். சினிமா போஸ்டரின் வேலையைச் செய்துவிட்டுக் களம் ஒதுங்கிக்கொள்கிறது. களத்துக்கு அதைவிடப் பெரிய வேலை இரண்டு உண்டு என்பதுதான் இந்த அத்தியாயத்தின் வாதம். கதைமாந்தர் எதைப் பார்க்கலாம், எதைக் கேட்கலாம், எது தெரியாமலே போகும் என்பதைக் களம் முடிவு செய்கிறது. அங்கிருந்து எந்த வழியாக, எவ்வளவு நேரத்தில் வெளியே போகலாம், அல்லது போகவே முடியாது என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. தெரியவும் விடாமல், தப்பவும் விடாமல் இரண்டு பூட்டும் விழுந்த இடத்தில் உச்சிவெயில் அடித்தாலும் வாசகருக்குக் கை சில்லிடும். பூட்டு விழாத இடத்தில் அமாவாசையும் அலங்காரம்தான்.

இதற்கு மிகச் சுத்தமான சான்று, ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட 'தி மங்கிஸ் பா'. மூன்று வரம் தரும் உலர்ந்த குரங்குப் பாதம் ஒன்று ஒயிட் குடும்பத்தின் கைக்கு வருகிறது. முதல் வரமாக 200 பவுண்டு கேட்கிறார்கள். மகன் ஹெர்பர்ட் வேலை பார்த்த ஆலையில் இயந்திரத்தில் சிக்கி இறந்துபோக, அதே 200 பவுண்டு நஷ்டஈடாக வருகிறது. துக்கம் தாளாத தாய், மகன் உயிரோடு திரும்பவேண்டும் என்று கணவரை இரண்டாவது வரம் கேட்க வைக்கிறாள். கதவு தட்டப்படுகிறது. அவள் திறப்பதற்குள் அவர் மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். தட்டும் ஓசை நின்றுபோகிறது. கதை இவ்வளவுதான். திரும்பி வந்தது என்ன கோலத்தில் வந்தது என்று வாசகர் கடைசிவரை பார்ப்பதில்லை. அப்படியிருந்தும் நூறு ஆண்டு கடந்து இந்தக் கதை நடுங்கவைக்கிறதென்றால், அந்த வேலையைச் செய்வது வீட்டின் அமைப்பு. கதை தொடங்குவது மழை இரவில், ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கணப்பு எரியும் சின்ன அறையில். தகப்பனும் மகனும் சதுரங்கம் ஆடுகிறார்கள். காயைத் தப்பாக நகர்த்திவிட்ட எரிச்சலில் பெரியவர், இப்படி ஒதுக்குப்புறத்தில் வந்து குடியிருக்கிறோமே, நடைபாதை சேறு, ரோடு வெள்ளம் என்று சலித்துக்கொள்கிறார். வாசகர் அதை ஒரு வயதானவரின் புலம்பலாகத்தான் கேட்கிறார். ஆனால் அந்தப் புலம்பலோடு அக்கம்பக்கத்து உதவி என்கிற வழி அடைபட்டுவிட்டது.

மகனைப் புதைத்த இடுகாடு ஏறக்குறைய இரண்டு மைல் தள்ளி இருக்கிறது என்று ஜேக்கப்ஸ் போகிறபோக்கில் சொல்லிவைக்கிறார். இரண்டாவது வரம் கேட்ட பிறகு எதுவும் நடக்கவில்லை. மெழுகுவத்தி கரைந்து அணைகிறது, கடிகாரம் ஓடுகிறது, மாடிப்படி ஒன்று முனகுகிறது. வரம் பலிக்கவில்லை என்று கிழவருக்கு நிம்மதி. பிறகு கதவு தட்டப்படும்போதுதான், இரண்டு மைல் இருப்பதை மறந்துவிட்டேனே என்று தாய் கத்துகிறாள். நாம் நிம்மதி என்று நினைத்த அந்த நேரம் முழுவதும் ஏதோ ஒன்று நடந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. தூரத்தைப் பற்றிய ஒரு சின்னத் தகவல், பல பத்திகளுக்குப் பிறகு இப்படி வெடிக்கிறது. அதற்கப்புறம் நடப்பதெல்லாம் வீட்டு அமைப்பைக் கொண்டு நடத்தும் கூத்து. தாய் கீழே கதவடியில். தகப்பன் மாடியில், இருட்டில் தரையைத் துழாவிக் குரங்குப் பாதத்தைத் தேடுகிறார். நாம் அவரோடு இருப்பதால் கீழே நடப்பது நமக்குக் காதால் மட்டுமே தெரிகிறது. சங்கிலி கழல்கிறது. கீழ்த் தாழ்ப்பாள் திறக்கிறது. மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை. உதவிக்கு வரச்சொல்லிக் கூப்பிடுகிறாள். நாற்காலியை இழுத்துக் கதவோரம் போடும் சத்தம் கேட்கிறது. மேல் தாழ்ப்பாள் அவள் கைக்கு எட்டியிருந்தால் இந்தக் கதைக்கு முடிவே இல்லை. ஒரு பெண்ணின் உயரத்துக்கும் ஒரு தாழ்ப்பாளின் உயரத்துக்கும் உள்ள இடைவெளியில் ஜேக்கப்ஸ் தன் உச்சக்கட்டத்தை நிறுத்தியிருக்கிறார். நள்ளிரவும் மழையும் இடுகாடும் இதே கதையில் இருக்கத்தான் செய்கின்றன. அவற்றை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம். தாழ்ப்பாளை யோசிக்கிறவர்கள் குறைவு.

ஆகவே எழுதத் தொடங்குமுன் ஒரு தாளை எடுத்துக் கதை நடக்கும் இடத்தின் வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், சாவி யாரிடம், வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, அது எவ்வளவு நேரம் தாங்கும், பக்கத்து வீட்டுக்குக் குரல் எட்டுமா, தெருமுனைக்குப் போக எத்தனை நிமிஷம் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். தூரத்தை மீட்டரில் குறிக்காமல் நேரத்தில் குறிப்பது நல்லது. பயப்படுகிறவருக்குத் தேவைப்படுவது அந்தக் கணக்குதான். அடுத்து, எந்த அறையில் இருப்பவருக்கு எந்த அறையின் ஓசை கேட்கும் என்பதைத் தனியாக யோசியுங்கள். தமிழ்நாட்டுத் தொகுப்பு வீடுகளில் பக்கத்துக் குடித்தனத்தின் மிக்சி சத்தம்வரை கேட்கும். தோட்டத்து வீட்டில் கேட்காது. இந்த வித்தியாசம் ஒன்றே இரண்டு வேறு கதைகளைத் தரக்கூடியது. வரைபடத்தில் இருப்பதில் கால்வாசிதான் கதைக்குள் வரும். மீதி உங்களுக்காக.

இங்கே ஒரு கேள்வி எழலாம். களமே இல்லாமல் திகிலூட்டிய கதைகள் இல்லையா? எட்கர் ஆலன் போ 1843இல் எழுதிய 'தி டெல்-டேல் ஹார்ட்' கதையில் ஊர்ப் பெயர் இல்லை, தெரு இல்லை, வீட்டைப் பற்றிய வர்ணனை என்று எதுவும் இல்லை. கொலை செய்தவன் தன் புத்தி தெளிவாக இருப்பதாக நம்மிடம் வாதாடுகிறான், அந்தக் குரலே நம்மை நடுங்கவைக்கிறது என்பார்கள். குரலின் பங்கை மறுக்க முடியாது. ஆனால் கதையை மறுபடி புரட்டிப் பாருங்கள். கிழவர் திருடனுக்குப் பயந்து ஜன்னல் கதவுகளை இறுக மூடியே வைத்திருப்பவர். அதனால் அறை கும்மிருட்டு. அதனால் கொலைகாரன் கதவை மெல்லத் திறப்பது அவருக்குத் தெரியாது. மூடிய லாந்தரில் ஒரு கீற்று வெளிச்சத்துக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறான். அந்தக் கீற்று கிழவரின் ஒரு கண்ணில் மட்டும் விழுகிறது. பிறகு தரைப்பலகையைப் பெயர்த்து உடலை மறைக்கிறான். விசாரிக்க வந்த போலீஸ்காரர்களை அதே அறையில் உட்காரவைத்து, தன் நாற்காலியைச் சரியாக அந்தப் பலகைமேல் போட்டுக்கொள்கிறான். வர்ணனை இல்லைதான், ஆனால் இடம் ஒவ்வொரு திருப்பத்திலும் வேலை செய்கிறது. களம் வேறு, வர்ணனை வேறு என்பதற்கே இந்தக் கதை சாட்சி. 1846இல் தன் எழுத்துமுறையை விளக்கிப் போ எழுதிய கட்டுரையிலும், தனித்து நிற்கும் ஒரு நிகழ்ச்சி மனதில் பதிய இடம் குறுகியிருப்பது அவசியம் என்று சொல்கிறார். இடம் அழகாகவோ அவலட்சணமாகவோ இருக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை. குறுகியிருக்கவேண்டும் என்கிறார்.

தமிழ் மரபை அறிந்தவர்கள் வேறொரு பக்கமிருந்து மறுக்கலாம். தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சத்துக்கு நான்கு மூலங்களைச் சொல்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன். இதில் இடத்துக்கு இடமே இல்லையே. பயமுறுத்துவது ஆளோ, மிருகமோ, தெய்வமோதானே? உண்மை, வெறும் இடம் யாரையும் கடிப்பதில்லை. ஆனால் இந்த நான்கும் எப்போது அச்சமாக மாறுகின்றன என்று பார்க்கவேண்டும். கூண்டுக்குள் இருக்கும் புலி வேடிக்கை. ஒற்றையடிப் பாதையின் வளைவுக்கு அப்பால் இருக்கக்கூடிய புலி அச்சம். சந்தையில் எதிர்ப்படும் கள்வன் வெறும் ஆள். பாலை வழியில் அவனே ஆறலைகள்வன். மூலம் அதுவேதான்; இடம்தான் கதியற்றுப் போகச் செய்கிறது. அதே தொல்காப்பியம் அகத்திணையில் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று முன்னால் வைப்பதையும் சேர்த்துப் படித்தால் இந்த மறுப்பு வலுவிழந்துவிடும். நான்காவதாகச் சொன்ன 'இறை' இக்காலக் கதைக்காரர்கள் அதிகம் கைவைக்காத சுரங்கம். பேயோ கொலைகாரனோ இல்லாமல், காவல் நிலையத்தின் பெஞ்சில் ஒருவரை உட்காரவைத்து, எதற்குக் கூப்பிட்டார்கள் என்று சொல்லாமல், உள்ளறைக் கதவை மட்டும் ஒவ்வொரு முறையும் ஆள் நுழைந்ததும் சாத்தவைத்தால் போதும்.

பொழுதையும் களத்தில் சேர்த்துக்கொண்டால் இருட்டின்மீதுள்ள மோகம் இன்னும் தெளியும். பாலைத்திணைக்குரிய சிறுபொழுது நண்பகல். நம் கிராமங்களிலும் உச்சி உருமத்தில் பிள்ளைகளைக் கிணற்றடிக்கோ புளியமரத்தடிக்கோ விடமாட்டார்கள். ஆள் நடமாட்டம் அற்றுப்போகும் நேரம் நள்ளிரவு மட்டுமல்ல என்று கண்டவர்கள் வகுத்த கட்டுப்பாடு அது. வெளிச்சத்தில் திகிலை எழுதியதற்கு இருபதாம் நூற்றாண்டின் பெரிய எடுத்துக்காட்டு ஷெர்லி ஜாக்சனின் 'தி லாட்டரி'. 'தி நியூ யார்க்கர்' இதழில் 1948 ஜூன் 26 அன்று வெளிவந்தது. ஜூன் மாதத்து வெயில் அடிக்கும் காலை, பூத்திருக்கும் செடிகள், தபாலாபீசுக்கும் வங்கிக்கும் நடுவே ஊர்ச் சதுக்கம், மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம் என்ற கணக்கோடு கூடும் சுமார் 300 பேர். பையன்கள் சதுக்கத்தின் ஒரு மூலையில் கற்களைக் குவிக்கிறார்கள். ஆண்கள் அந்தக் குவியலிலிருந்து விலகி நின்று மழையையும் டிராக்டரையும் வரியையும் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் விலகி நிற்பதை முதல் வாசிப்பில் யாரும் கவனிப்பதில்லை. சீட்டு எடுக்கும் சடங்கு முன்னேற முன்னேற, எல்லோரும் கூடியிருப்பதே அந்த இடத்தின் கொடுமை என்பது புலப்படுகிறது. சுற்றி நிற்பவர்கள் அண்டைவீட்டார். நடுவில் நிற்கப்போகும் பெண்ணுக்கு ஓடிப்போய்க் கதவு தட்ட ஒரு வீடும் மிச்சமில்லை, அவள் வீட்டார் உட்பட அனைவரும் இங்கேதான் இருக்கிறார்கள். கதை வந்த கோடையில் ஜாக்சனுக்கு 300க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இந்தச் சீட்டு எந்த ஊரில் நடக்கிறது, போய்ப் பார்க்கலாமா என்று சிலர் விசாரித்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். தபாலாபீசையும் வங்கியையும் வாசகர் நம்பிவிட்டால் அவற்றுக்கு நடுவே நடப்பதையும் நம்புவார்கள்.

தப்பமுடியாமையைப் பற்றி இவ்வளவு போதும். தெரியாமை இன்னும் நுட்பமானது. ஒன்றுமே தெரியாத இருட்டில் வாசகர் சீக்கிரம் சலித்துவிடுவார். ஒரு பொருளுக்கு இரண்டு விளக்கம் இருக்கவேண்டும்: ஒன்று சாதாரணமானது, இன்னொன்று நினைக்கவே கூடாதது. களத்தில் உள்ள பொருள்களை இப்படித் தேர்ந்தெடுப்பதில்தான் கைத்திறன் இருக்கிறது. சார்லட் பெர்கின்ஸ் கில்மன் 1892இல் வெளியிட்ட 'தி யெல்லோ வால்பேப்பர்' கதையில், ஓய்வெடுக்க வந்த மனைவிக்கு மருத்துவரான கணவன் ஒதுக்குவது மாடியறை. ஜன்னல்களில் கம்பி, சுவரில் வளையங்கள், தரையோடு ஆணியடித்த கட்டில். முன்பு குழந்தைகள் விளையாடிய அறையாக இருந்திருக்கும் என்று அவள் சொல்கிறாள். நியாயமான விளக்கம். ஆனால் அதே மூன்று பொருள்களும் வேறு எந்த மாதிரி அறையில் இருக்கும் என்பது வாசகருக்குத் தோன்றிவிடுகிறது, அவளுக்குத் தோன்றுவதில்லை. எம். ஆர். ஜேம்ஸின் 1904ஆம் ஆண்டுத் தொகுப்பில் உள்ள 'ஓ, விசில், அண்ட் ஐ'ல் கம் டு யூ, மை லேட்' கதையில் அந்தப் பொருள் வெறும் காலிக் கட்டில். கடற்கரை ஊர் விடுதியில் பேராசிரியருக்குக் கிடைத்தது இரண்டு கட்டில் உள்ள அறை. ஒருவர் தங்கும் அறையில் இரண்டாவது கட்டில் இருப்பதைவிடச் சாதாரணம் என்ன இருக்கிறது? அதிலும் யாரோ படுத்தெழுந்ததுபோல் இருந்தது என்று வேலைக்காரப் பெண் சொல்லும்வரைதான் அது சாதாரணம். பேய்க்கதையின் களம் வாசகருக்கு ஓரளவு பழக்கமானதாக இருக்கவேண்டும் என்று 1911இல் ஜேம்ஸ் ஒரு முன்னுரையில் எழுதினார். பழைய தேவாலயங்களையும் சுவடிகளையும் விரும்பி எழுதியவர் சொன்ன வார்த்தை என்பதால் இதற்குக் கூடுதல் மதிப்பு. நம் புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய 'காஞ்சனை'யில் பொருள்கூட வேண்டியிருக்கவில்லை, வாடை போதுமாக இருந்தது. மனைவி பக்கத்தில் தூங்கும் சொந்தப் படுக்கையறையில், எங்கிருந்து வருகிறது என்று தெரியாத பிண வாடை. கண்ணை மூடிக்கொள்ளலாம், காதைப் பொத்திக்கொள்ளலாம். மூச்சை எவ்வளவு நேரம் அடக்குவது? பிச்சை கேட்டு வாசலில் நின்றவள் வீட்டு வேலைக்கு உள்ளே வந்துவிடுவதும் அந்தக் கதையின் களச் சாதனைதான். பயம் பங்களாவைத் தேடிப் போகவில்லை; குடித்தனம் நடக்கும் வீட்டின் வாசற்படியைத் தாண்டி, வீட்டுக்காரியின் இரக்கத்தைப் பற்றிக்கொண்டு வந்தது.

இதைச் செய்து பார்ப்பது எப்படி? ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். இரவு நேரத்தில் வரும் மின்சாரத்துக்காக விவசாயி ஒருவர் மோட்டார் போடப் போகிறார். அவருக்கு ஏதோ ஆபத்து. முதல் வரைவில் பலரும் இப்படித் தொடங்குவார்கள்: கன்னங்கரிய இருட்டு, மயான அமைதி, பயங்கரமாக அலறும் ஆந்தை, இதயம் படபடவென அடித்துக்கொள்ளக் கணவனுக்காகக் காத்திருக்கும் மனைவி. இதில் வரும் ஒவ்வொரு பெயரடையும் வாசகரிடம் பயப்படு, பயப்படு என்று கெஞ்சுகிறது. அதே காட்சியை இப்படி எழுதிப் பார்க்கலாம்:

"பதினொன்றரைக்கு த்ரீ பேஸ் கரண்ட் வந்தது. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மோட்டார் ரூமுக்கு வரப்பில் பத்து நிமிஷ நடை. பழனியம்மாள் பாயில் கிடந்தாள். மோட்டார் சத்தம் கேட்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். கேட்டது. கண் சொருகுகிறபோது நின்றது. கரண்ட் போயிருக்கும் என்று புரண்டு படுத்தாள். கீழ்க்காட்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்படியானால் பீஸ் போயிருக்கும். பீஸ் போட அஞ்சு நிமிஷம் ஆகும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள். காட்டில் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். வெளிச்சம் மோட்டார் ரூம் பக்கம் இல்லை. கிணற்றைச் சுற்றி வந்துகொண்டிருந்தது."

பயம் என்ற சொல்லே இதில் இல்லை. வேலை முழுவதையும் கீழ்க்காட்டு மோட்டார் செய்கிறது. வீட்டில் பல்பு எரிவதை வைத்து த்ரீ பேஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்லமுடியாது. வீட்டுக்கு வருவது சிங்கிள் பேஸ். பக்கத்துக் காட்டு மோட்டார் ஓடுவதுதான் அவளுக்குச் சாட்சி. கிராமத்து வாசகர் இந்த இடத்தில் உங்களை முழுசாக நம்பிவிடுவார். தோட்டத்தில் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருந்தால் கரண்ட் வந்ததும் மோட்டார் தானே ஓடும், அவர் போகவே வேண்டியதில்லை; ஆகவே அது ஏன் இல்லை, அல்லது ஏன் பழுது என்பதை எழுத்தாளர் யோசித்து வைத்திருக்கவேண்டும். இந்த மாதிரி விவரத்தைச் சும்மா உட்கார்ந்து கற்பனையில் பிடிக்க முடியாது. தெரிந்த இடத்தை எழுதுங்கள் என்று மூத்தவர்கள் சொல்வது இதனால்தான். பீஸ் போயிருக்கும் என்ற சாதாரண விளக்கம் இன்னும் உயிரோடிருக்கும்போதே இரண்டாவது விளக்கத்தை வாசகர் தானாகவே நினைத்துவிட்டார் என்பதையும் கவனியுங்கள். அவரே நினைத்ததால்தான் அது அவரைப் பிடித்துக்கொள்கிறது.

சிறுகதையில் இவ்வளவு களத்துக்கு இடம் ஏது, நாவலுக்குத்தானே இது கட்டுப்படியாகும் என்று சொல்பவர்களுக்கு மேலே உள்ள பத்தியே பதில். அது பழைய வரைவின் பெயரடைகளைவிட நீளமாக இருந்தாலும் அதில் கதை நகர்ந்திருக்கிறது. இந்த ஐயத்துக்குப் போவின் 'தி ஃபால் ஆஃப் தி ஹவுஸ் ஆஃப் அஷர்' (1839) ஒரு காரணமாக இருக்கலாம். குதிரையில் வரும் கதைசொல்லி பாழ்மாளிகையைக் கண்டு மனம் குன்றுவதாக அது நீண்ட வர்ணனையோடு தொடங்குகிறது. அந்தத் தொடக்கத்தைப் பார்த்து எழுதியவர்கள் கணக்கில்லை. என் கருத்தில், அந்தப் பக்கங்களிலிருந்து கற்கவேண்டியது மூட்டத்தை அல்ல, ஒரு விரிசலை. கூரையிலிருந்து சுவர் வழியாகக் கோணல்மாணலாக இறங்கி ஏரித் தண்ணீருக்குள் மறையும், உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும் விரிசல். முடிவில் அது அகல, அதன் வழியே சிவந்த நிலா தெரிய, மாளிகை பிளந்து ஏரிக்குள் போகிறது. மூட்டத்தை வெட்டிவிட்டாலும் கதை நிற்கும். விரிசலை வெட்டினால் முடிவு வெறும் விபத்தாகிவிடும். அதே போ 1842இல் எழுதிய 'தி மாஸ்க் ஆஃப் தி ரெட் டெத்' களத்தை இன்னும் கணக்காகப் பயன்படுத்துகிறது. கொள்ளைநோய்க்குப் பயந்து இளவரசர் பிராஸ்பெரோ ஆயிரம் பேரோடு மடத்துக்குள் புகுந்து, தாழ்ப்பாள்களை உலைவைத்துப் பற்றவைத்துவிடுகிறார். நோய் உள்ளே வரமுடியாதபடி செய்த ஏற்பாடே, அது வந்துவிட்ட பிறகு யாரும் வெளியே போகமுடியாதபடி ஆகிறது. ஏழு நிற அறைகளும் ஒரே பார்வையில் தெரியாதபடி வளைந்து வளைந்து அமைந்தவை. ஒவ்வொன்றாகத்தான் காணமுடியும், கடைசி அறை கறுப்பு. வாசகரின் கண்ணை எந்த வரிசையில் நடத்த வேண்டும் என்பதைக் கட்டடமே தீர்மானித்துவிட்டது. அலங்காரம் மிகுந்த கதைதான், ஆனால் அங்கே அலங்காரத்துக்கும் வேலை கொடுத்திருக்கிறார்.

கடைசியாக ஓர் ஆட்சேபம், இன்றைய எழுத்தாளர்கள் அடிக்கடி சொல்வது. எல்லோர் கையிலும் கைபேசி, எல்லாத் தெருவிலும் எல்இடி விளக்கு, அடுக்ககத்துக்கு அடுக்ககம் கேமரா. இனி யாரை எங்கே தனியாக மாட்டவைப்பது? இதற்குப் பழகிப்போன தப்பிப்பு, சிக்னல் இல்லை அல்லது சார்ஜ் போய்விட்டது என்று எழுதிவிடுவது. நடக்கக்கூடியதுதான், ஆனால் வாசகர் அதை எழுத்தாளரின் சௌகரியம் என்று உடனே கண்டுகொள்கிறார். கைபேசியை அணைக்காமல் வைத்துக்கொண்டால் அது களத்தின் புது உறுப்பாகிவிடும். செய்தி வந்துசேர்வதற்கும் ஆள் வந்துசேர்வதற்கும் உள்ள இடைவெளியை அது குறைக்கவில்லை; அந்த இடைவெளியை நொடிக்கு நொடி பார்க்கும்படி செய்திருக்கிறது. வீட்டுக் கேமராவில் சமையலறை விளக்கு எரிவதைக் காணும் மகன் வேளச்சேரியில் இருக்கிறான், தாய் தனியாக இருக்கும் வீடு தென்காசியில். அவனுக்கு எல்லாம் தெரிகிறது. போய்ச்சேர ஓர் இரவு ஆகும். பக்கத்து வீட்டுக்காரரை எழுப்பலாம் என்றால், அவர் எண் அவனிடம் இருக்கிறதா என்பதில் தொடங்கி, அவரை நம்பலாமா என்பதுவரை கதை போகும். ஜேக்கப்ஸின் இரண்டு மைல் இன்று அறுநூறு கிலோமீட்டராகியிருக்கிறது, அவ்வளவே. கேமரா எதைப் பார்க்கும், எந்த மூலையைப் பார்க்காது என்று உங்கள் வரைபடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

திருத்தி எழுதும் கட்டத்தில் இரண்டு சோதனைகள் உதவும். கதையை அப்படியே வேறோர் இடத்துக்கு, வேறொரு பொழுதுக்கு மாற்றிப் பாருங்கள். எதுவும் கெடவில்லையென்றால் களம் இன்னும் வேலைக்கே சேரவில்லை என்று பொருள். அடுத்தது, உச்சக்கட்டத்தில் பயன்படும் கதவோ கிணறோ கட்டிலோ அதற்கு முன் ஒரு முறையாவது தன் அன்றாட வேலையைச் செய்துகொண்டு கதைக்குள் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் அது கடைசி நேரத்தில் வெளியிலிருந்து தூக்கிவந்த சாமான், வாசகர் மன்னிக்கமாட்டார். பயங்கரம், அமானுஷ்யம், மயான அமைதி போன்ற சொற்களை அடித்துவிட்டு எஞ்சியதை உரக்கப் படித்துப் பார்ப்பதும் நல்லது. இவற்றையெல்லாம் தொடங்குவதற்கு முன் 'தி மங்கிஸ் பா' கதையின் கடைசிப் பகுதியைப் பென்சிலோடு படித்து, அந்த வீட்டின் படத்தை வரைந்து பாருங்கள். கதையிலுள்ள குறிப்புகளே போதுமானவை. பிறகு உங்கள் கதைக்கும் அதையே செய்யுங்கள். பென்சில் எந்தப் பத்தியில் தயங்கி நிற்கிறதோ, அந்தப் பத்தியிலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.